முக்கால் சாண் இரும்பு

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது கிராங்கின் உள்பக்கத்தைப் பழந்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பெடல் மாட்டியிருக்கும் துளைக்குச் சற்று மேலே, எண்ணெயும் மண்ணும் சேர்ந்து இறுகிய கறுப்புக்கு அடியில், சின்னதாக ஓர் எண் பொறித்திருக்கும். பெரும்பாலும் 170. சிலவற்றில் 165 அல்லது 175. விலை கூடிய கியர் சைக்கிள்களில் 172.5 என்று புள்ளி வைத்தும் இருக்கும். கிராங்க் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து பெடல் அச்சின் நடுவரை உள்ள தூரம் அது, மில்லிமீட்டரில். எண் தேய்ந்துபோயிருந்தால் ஸ்கேலை வைத்து இந்த நடுவிலிருந்து அந்த நடுவரை அளந்துகொள்ளலாம். கிராங்கின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அளந்தால் கணக்கு தப்பும்.

நம் பழைய கணக்கில் ஒன்பது அங்குலம் ஒரு சாண். அதில் முக்கால் பங்கு ஆறே முக்கால் அங்குலம், அதாவது 171.45 மி.மீ. ஆக, உலகத்தின் பெரும்பாலான சைக்கிள்கள் முக்கால் சாண் நீளக் கிராங்கில்தான் ஓடுகின்றன. ஆறடி ஆளுக்கும் ஐந்தடிப் பெண்ணுக்கும் சட்டை அளவு வேறு, செருப்பு அளவு வேறு. சைக்கிள் ஃபிரேம்கூட 18, 20, 22, 24 அங்குலம் என்று வகை வகையாக வருகிறது. கிராங்க் மட்டும் எல்லாருக்கும் ஒன்று. யாருடைய காலை அளந்து இந்த நீளத்தை முடிவு செய்தார்கள்?

யாருடைய காலையும் அளக்கவில்லை என்பதுதான் பதில்.

இரு சக்கர வண்டி பிறந்தபோது கிராங்கே கிடையாது. 1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் ட்ரைஸ் ஓட்டிக் காட்டிய மர வண்டியில் உட்கார்ந்தபடி காலால் தரையை உந்த வேண்டும். உட்கார்ந்துகொண்டே ஓடுவது மாதிரிதான். அதன் பிறகு பெடல் வரச் சுமார் அரை நூற்றாண்டு ஆனது.

அது வந்ததைப் பற்றி பிரெஞ்சுக்காரர்கள் அழகான ஒரு கதை வைத்திருக்கிறார்கள். 1861இல் பாரீஸில் தொப்பி செய்யும் ஒருவர் தன் ட்ரைஸ் வண்டியைப் பழுது பார்க்க பியர் மிஷோ என்ற கொல்லரின் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மிஷோவின் மகன் எர்னஸ்ட் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, இறக்கத்தில் காலைத் தூக்கி வைத்திருப்பது கஷ்டமாக இருக்கிறது என்றான். கால் வைக்க ஏதாவது செய், இல்லையென்றால் சாணைக்கல்லைச் சுற்றும் கைப்பிடி மாதிரி ஒன்றை முன் சக்கரத்தில் மாட்டிப் பார் என்றார் அப்பா. பெடல் பிறந்துவிட்டது. கதையில் ஒரு சிக்கல் உண்டு. இது வெளியே வந்தது 1893இல், மிஷோவின் இளைய மகன் எழுதிய கடிதம் வழியாக. முப்பது வருடம் கழித்து ஒரு மகன் அப்பாவின் பெருமையைச் சொல்கிறான். அடுத்த வருடமே பார்-லெ-டுக் ஊரில் மிஷோவுக்கும் எர்னஸ்டுக்கும் நினைவுச்சின்னம் எழும்பிவிட்டது.

வரலாற்றாசிரியர்களில் பலர் இன்னொரு பெயரைச் சொல்வார்கள்: பியர் லால்மோன். நான்சி நகரில் குழந்தை வண்டி செய்யும் பட்டறையில் வேலை பார்த்த இளைஞன். அங்கே 1862இல் யாரோ ஒருவர் ட்ரைஸ் வண்டி ஓட்டிப் போனதைப் பார்த்து, இதில் கிராங்க் வைத்தால் என்ன என்று யோசித்தான். பாரீஸுக்கு வந்து ஒன்றைச் செய்து ஓட்டினான். 1865இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி, கனெக்டிகட்டில் அன்சோனியா என்ற சிற்றூரில் வேலைக்குச் சேர்ந்தான். ஜேம்ஸ் கேரல் என்பவர் பணம் போட, 1866 நவம்பர் 20 அன்று இருவர் பெயரிலும் காப்புரிமை கிடைத்தது. பெடலும் கிராங்கும் உள்ள இரு சக்கர வண்டிக்குக் கிடைத்த முதல் காப்புரிமை அது. பணம் மட்டும் வரவில்லை. உரிமையை விற்றுவிட்டு பிரான்ஸுக்குத் திரும்பினான். பிறகு மறுபடி அமெரிக்கா போய், 1891இல் பாஸ்டனில் யாரும் கவனிக்காமல் இறந்தான். இன்று அந்த ஊரில் ஒரு சைக்கிள் பாதைக்கு அவன் பெயர்.

யார் முதலில் என்ற வழக்கில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. ஆனால் சாணைக்கல் கதையைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. நம் தெருக்களில் சாணை பிடிக்க வருபவர் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, அதே சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, ஹேண்டில்பார் பக்கம் கல் சுழன்று பொறி பறக்கும். சாணைக்கல்லின் கைப்பிடி சைக்கிளுக்குப் போனதோ இல்லையோ, சைக்கிளின் கிராங்க் சாணைக்கல்லுக்கு வந்ததை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

1860களின் அந்தப் பாரீஸ் வண்டிகளை அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்கள் சக்கரத்தையும் வளைந்த இரும்புச் சட்டத்தையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கிராங்கைப் பார்க்க வேண்டும். பலவற்றில் அதன் முனையில் ஒரே ஒரு துளைக்குப் பதிலாக நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டியிருக்கும். பெடலின் தண்டு அந்தப் பிளவுக்குள் நுழைந்து மறுபக்கம் ஒரு நட்டால் இறுகும். நட்டைத் தளர்த்திப் பெடலை மேலே நகர்த்தினால் கிராங்க் குட்டை, கீழே நகர்த்தினால் நெட்டை. ஸ்பானர் ஒன்று போதும். வண்டி வாங்கியவர் தன் காலுக்கு எது தோதோ அங்கே முடுக்கிக்கொள்ளலாம். அதாவது, பெடல் பிறந்த பத்தாண்டிலேயே கிராங்க் நீளம் ஓட்டுபவரின் விருப்பமாக இருந்தது. ஒரே அளவு என்ற வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அடுத்து வந்த பெரிய சக்கர வண்டியில் அந்தப் பிளவுக்கு வேலை இன்னும் கூடியது. 1870இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் காப்புரிமை வாங்கிய ஏரியல் போன்ற வண்டிகளில் முன் சக்கரம் ஆள் நெஞ்சு உயரம் இருக்கும், பின் சக்கரம் முழங்கால் உயரம்கூட இருக்காது. செயின் இல்லை, கியர் இல்லை. கிராங்க் நேராக முன் சக்கரத்தின் அச்சில். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. வேகம் வேண்டுமா, சக்கரத்தைப் பெரிதாக்கு. அவ்வளவுதான் வழி. எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதைக் கால் நீளம் முடிவு செய்யும். சீட் கிட்டத்தட்ட சக்கரத்தின் உச்சியில் இருப்பதால், கீழே போகும் பெடலை எட்ட, கால் சக்கரத்தின் ஆரத்தையும் கிராங்கின் நீளத்தையும் சேர்த்துத் தாண்ட வேண்டும்.

இங்கேதான் இளைஞர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 50 அங்குலச் சக்கரமும் ஐந்தரை அங்குலக் கிராங்கும் உள்ள வண்டியில் கால் எட்ட வேண்டிய தூரம் சுமார் முப்பதரை அங்குலம். அதே கால், கிராங்கை நாலரை அங்குலமாகக் குறைத்தால் 52 அங்குலச் சக்கரத்தையும் எட்டிவிடும். ஒரு மிதிக்குப் போகும் தூரம் சுமார் 3.99 மீட்டரிலிருந்து 4.15 மீட்டராகும். சமவெளியில் நண்பனை முந்திவிடலாம். மேடு வந்தால்தான் வினை. நெம்புகோல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குட்டையாகிவிட்டதே, மிதி ஏறாது. வண்டியிலிருந்து இறங்கித் தள்ளத்தான் வேண்டும். நண்பனுடைய சக்கரத்தைவிட இரண்டு அங்குலம் பெரிய சக்கரம் என்ற கௌரவத்துக்காக அதையும் செய்தவர்கள் இருந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்றைய வழக்கம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கியரின் கனத்தை ‘இத்தனை அங்குலம்’ என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கியருக்குச் சமமான பெரிய சக்கரத்தின் விட்டம்தான் அந்த அங்குலம்.

1885இல் ஸ்டார்லியின் சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சேஃப்டி சைக்கிள் இந்தக் கணக்கை ஒரேயடியாக அறுத்தது. செயின் வந்தது, முன்னே பெரிய பல்சக்கரம், பின்னே சின்னது. சக்கரம் எவ்வளவு பெரிது என்பதற்கும் கால் எவ்வளவு நீளம் என்பதற்கும் இனி உறவு இல்லை. கிராங்க் முதல்முறையாக விடுதலை அடைந்தது. எந்த நீளம் வைத்தாலும் பல்லை மாற்றி வேகத்தைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

விடுதலை கிடைத்ததும் அது போய் நின்ற இடம் ஆறரை, ஏழு அங்குலம். காரணங்கள் எளிமையானவை. கிராங்க் நீண்டால் வளைவில் பெடல் தரையில் உரசும், அச்சை உயர்த்த வேண்டும், அச்சை உயர்த்தினால் சீட்டும் உயரும், நின்றால் கால் தரையில் ஊன்றாது. ஹேண்டிலைத் திருப்பும்போது காலின் நுனி முன் சக்கரத்தில் இடிக்கும். ரொம்பக் குட்டையாக்கினால் ஒரே கியர் உள்ள வண்டியில் மேடு ஏற முடியாது. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே ஓர் அளவைப் பிடித்தார்கள். இங்கிலாந்தின் ரோட்ஸ்டர் வண்டிகளில் ஆறரை அங்குலம், அதாவது 165 மி.மீ., ஊன்றிக்கொண்டது. கடைக்கு வருபவரின் தொடையை அளந்து பார்த்து யாரும் இதைச் செய்யவில்லை. இரும்பைக் காய்ச்சி அச்சில் அடித்துக் கிராங்க் செய்யும் தொழிற்சாலைக்கு, ஒவ்வொரு நீளத்துக்கும் ஓர் அச்சும் ஓர் அலமாரியும் தேவை. இரண்டு நீளம் போதும் என்று கணக்குப்பிள்ளை சொல்லியிருப்பார். பிளவு போய்த் துளை வந்ததும் அப்படித்தான். பிளவில் பெடல் நழுவும், தளரும். மரை வெட்டிய ஒரே துளையில் பெடல் அசையாது. உறுதிக்காகத் தேர்வை விட்டுக்கொடுத்தார்கள்.

நம் ஊர்க் கறுப்பு சைக்கிள் அந்த ரோட்ஸ்டரின் வாரிசு. 1949இல் பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து சென்னையில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் ஹெர்குலிஸை இங்கேயே செய்தது. 1952இல் அசன்சோலில் சென்-ராலே வந்தது. ஃபிரேமோடு, 28 அங்குலச் சக்கரத்தோடு, காட்டர் பின் கிராங்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

காட்டர் பின்னைப் பற்றி நாலு வரி சொல்லாமல் போனால் கடைக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். சுண்டுவிரல் கனத்தில் ஒரு இரும்பு ஆணி, அதன் ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சீவியிருக்கும். அச்சில் வெட்டிய பள்ளத்தோடு அந்தச் சரிவு உரசி இறுகுவதால்தான் கிராங்க் நிற்கிறது. வலது பக்கத்துப் பின் ஒரு திசையில் என்றால் இடது பக்கத்துப் பின் எதிர்த் திசையில் போக வேண்டும். மாற்றிப் போட்டால் இரண்டு கிராங்கும் நேர்க்கோட்டில் நிற்காது, ஓட்டுபவருக்கு ஒரு கால் நொண்டுவது போல இருக்கும். பின் தேய்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டொக்’ என்று ஒரு சத்தம். கழற்ற சுத்தியல்தான், வேறு வழியில்லை. நட்டை முழுக்கக் கழற்றாமல் மரைக்கு மேலே விட்டு, அதன் தலையில் அடித்தால் மரை தப்பும். அவசரத்தில் நேராக அடித்து மரையை நசுக்கி, புதுப் பின் வாங்க ஓடிய பையன்களுக்குக் கடைத்தெருவில் பஞ்சமே இல்லை.

நீண்ட கிராங்க் நல்லதா, குட்டைக் கிராங்க் நல்லதா என்ற சண்டை செயின் வந்த காலத்திலேயே வந்துவிட்டது. அதன் அடியில் இருந்த நம்பிக்கை ஒன்றுதான்: நெம்புகோல் நீண்டால் பலம் கூடும். இந்த நம்பிக்கையை வைத்து ஒருவர் செயினையே விற்றார். வில்லியம் சிம்ப்சன் என்ற ஆங்கிலேயர் முக்கோண வடிவில் இணைப்புகள் வைத்த ‘லீவர் செயின்’ ஒன்றைச் செய்து, இது மிதிக்கு நெம்புகோல் பலம் சேர்க்கும் என்று சவால் விட்டார். 1896 ஜூனில் லண்டனின் கேட்ஃபோர்டு ஓட்டப்பாதையில் பந்தயம் வைத்துக் கூட்டம் கூட்டினார். ஓவியர் துலூஸ்-லோத்ரெக் அதற்கு விளம்பரச் சித்திரம் வரைந்தார். செயின் மறைந்துவிட்டது, சித்திரம் மட்டும் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. உள்ளே போகும் வேலைதான் வெளியே வரும், நடுவில் எந்த முக்கோணத்தாலும் அதைப் பெருக்க முடியாது.

கிராங்கிலும் அதே கதைதான். 170லிருந்து 165க்கு இறங்கினால் நெம்புகோல் சுமார் மூன்று சதவீதம் குறைகிறது. பின்னால் 17 பல்லிலிருந்து 18 பல்லுக்கு மாற்றினால் கியர் ஆறு சதவீதம் இலகுவாகிறது. ஒரு பல்லில் பாதியளவு மாற்றத்துக்காகவா இவ்வளவு வாதம்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சைக்கிள் கடையில் வேலை பார்த்து, அந்தத் துறைக்கே ஆசானாக மதிக்கப்பட்ட ஷெல்டன் பிரவுன் இதற்கு ஒரு நல்ல கணக்கு சொன்னார். கியரை அளக்கும்போது கிராங்க் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். சக்கரத்தின் ஆரம் 340 மி.மீ., கிராங்க் 170 என்றால் இரண்டு மடங்கு. முன்னே 50 பல், பின்னே 25 பல் என்றால் இன்னொரு இரண்டு மடங்கு. பெருக்கினால் நாலு. உங்கள் கால் பெடலோடு ஒரு மீட்டர் நகர்ந்தால் வண்டி நாலு மீட்டர் நகரும். 165 வைத்தால் அது சுமார் 4.12 ஆகும். கிராங்கும் கியரின் ஒரு பகுதிதான் என்பது இதில் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

பிரான்ஸும் இத்தாலியும் சைக்கிள் உதிரிபாகத் தொழிலைப் பிடித்தபோது அங்குலம் போய் மில்லிமீட்டர் வந்தது. 1933இல் பிரான்ஸின் ஸ்ட்ராங்லைட் நிறுவனம் காட்டர் பின் இல்லாத அலுமினியக் கிராங்கைக் கொண்டுவந்தது. சரிந்த சதுர முனையுள்ள அச்சில் கிராங்கைச் செருகி போல்ட்டால் இறுக்கும் முறை. 1958இல் காம்பன்யோலோ நிறுவனத்தின் ரெக்கார்டு கிராங்க் வந்து பந்தயக்காரர்களின் கனவுப் பொருளானது. ஆறே முக்கால் அங்குலத்துக்குப் பக்கத்தில் இருந்த வட்டமான எண் 170. அப்படித்தான் அது நடுநாயகமாக உட்கார்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. பிறகு 165, 175 வந்தன, பிறகு இடையில் 2.5 மி.மீ. படிகள். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம்கூட இல்லை இந்தப் படி. வேடிக்கை என்னவென்றால், மில்லிமீட்டருக்கு மாறிய அந்தக் கிராங்கின் முனையில் பெடல் திருகும் துளை இன்றுவரை ஆங்கிலேயனின் 9/16 அங்குல மரைதான்.

பந்தயக்காரர்கள் நீளத்தின் பக்கம் சாய்ந்தார்கள். 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தபோது 175 மி.மீ. கிராங்க் வைத்திருந்தார். 1994 செப்டம்பர் 2 அன்று போர்டோவில் 53.040 கி.மீ. ஓட்டிய மிகேல் இந்துராயின் வைத்திருந்தது 190. அவர் 1.88 மீட்டர் உயரம், கணக்குக்குப் பொருத்தமான ஆள்தான். ஆனால் சாதனையாளர் வைத்திருந்தது என்பதற்காக ஐந்தரை அடி ஆட்களும் 175 வாங்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்கள். பந்தயத்தில் முதலில் வந்தவனின் சைக்கிளைப் பார்த்துச் செய்த தேர்வுகளில் பாதி இப்படித்தான்.

ஆய்வுக்கூடம் இதற்குள் வந்தது தாமதமாகத்தான். இஸ்ரேலின் விங்கேட் கழகத்தில் ஓம்ரி இன்பாரும் சகாக்களும் 125 முதல் 225 மி.மீ. வரை கிராங்கை மாற்றி ஆட்களை அரை நிமிடம் முழு வேகத்தில் மிதிக்க வைத்து, 1983இல் முடிவை வெளியிட்டார்கள். உச்ச பலம் கிடைத்தது 165 பக்கத்தில். அந்த இடத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் விலகினாலும் இழப்பு ஒரு சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. 2001இல் ஜிம் மார்ட்டினும் வனீன் ஸ்பர்டூசோவும் இன்னும் துணிந்தார்கள். பயிற்சி பெற்ற 16 சைக்கிள் வீரர்கள், 120, 145, 170, 195, 220 என்று ஐந்து கிராங்க்கள். 120 என்பது குழந்தை சைக்கிளில் வருவது, 220 என்பது கிட்டத்தட்ட ஒரு சாண். இவ்வளவு அகலமான எல்லையில் உச்ச பலத்தின் வித்தியாசம் நாலு சதவீதம்தான். அதிகபட்சம் 145இல், குறைந்தபட்சம் 220இல். அவரவர் கால் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறந்தது என்று ஒரு சூத்திரமும் கிடைத்தது. ஆனால் சூத்திரத்தைவிட அதற்கடுத்த வரிதான் முக்கியம்: எல்லாரும் 170ஐயே வைத்துக்கொண்டாலும், மிகக் குட்டையானவரும் மிக நெட்டையானவரும் இழப்பது அரை சதவீதத்துக்கு மேல் இல்லை.

ஏன் இப்படி? கிராங்க் குட்டையானால் கால் சுற்றும் வட்டம் சிறிதாகிறது, ஆனால் கால் வேகமாகச் சுற்றிக்கொள்கிறது. அந்தப் பரிசோதனையில் உச்ச பலம் கிடைத்த வேகம் 120 மி.மீ. கிராங்கில் நிமிடத்துக்கு 136 சுற்று, 220இல் 110 சுற்று. வட்டம் பெரிதாக ஆக, சுற்று தானாகக் குறைகிறது. தசை தனக்குத் தோதான இடத்தைத் தேடி நடுவில் எங்கோ சமரசம் செய்துகொள்கிறது. 170 நூறு வருடம் பிழைத்ததன் ரகசியம் இதுதான். அது மிகச் சரியான எண் என்பதால் பிழைக்கவில்லை. தப்பாக இருந்தாலும் யாருக்கும் பெரிதாக வலிக்காத எண் என்பதால் பிழைத்தது.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனைகள் சில நொடிகள், மிஞ்சினால் அரை நிமிடம், முழு மூச்சாக மிதிக்கும் பலத்தை அளந்தவை. காலையில் ஏறி மாலையில் இறங்கும் முழங்காலை அளக்கவில்லை. அங்கே கதை மாறுகிறது.

குரங்கு பெடலை நினைத்துப் பாருங்கள். அப்பாவின் சைக்கிள் பாரின் மேலே கால் போட எட்டாத பையன், ஃபிரேமின் முக்கோணத்துக்குள் வலது காலை விட்டு, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஓட்டுவான். முழுச் சுற்று வராது. பாதி மிதித்து, பெடலைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி பாதி மிதிப்பான். ஃப்ரீவீல் கரகரவென்று சத்தம் போடும். எட்டாதது சீட்டும் பாரும் மட்டுமல்ல. ஒன்பது வயதுக் காலுக்கு 330 மி.மீ. விட்டமுள்ள வட்டம் என்பதும் பெரிது. மேலே வரும்போது முழங்கால் நெஞ்சைத் தொடும், கீழே போகும்போது கால் எட்டாது. எங்கள் தலைமுறை இதை வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோதும், லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளில்தான் பலர் ஏறினார்கள். அதே உயரம், அதே கிராங்க். ஓட்டிவிட்டார்கள் என்பது அவர்களின் திறமை, வண்டியின் பெருமை இல்லை.

மேலே வரும் முழங்கால்தான் இன்றைய மாற்றத்துக்கும் காரணம். கிராங்கை 5 மி.மீ. குறைத்தால், கால் கீழே அதே அளவு நீளும்படி சீட்டை 5 மி.மீ. உயர்த்த வேண்டும். அப்போது மேலே என்ன ஆகிறது? பெடலின் உச்சி 5 மி.மீ. இறங்கிவிட்டது, சீட் 5 மி.மீ. ஏறிவிட்டது. சீட்டுக்கும் மேலே வந்த பெடலுக்கும் இடையே 10 மி.மீ. கூடுகிறது. குறைத்தது ஒரு பங்கு, இடுப்பு மடியும் இடத்தில் கிடைத்தது இரண்டு பங்கு. காற்றைக் கிழிக்க முதுகைத் தட்டையாக்கிக் குனிந்து ஓட்டுபவருக்கு இது பெரிய வரம். தொடை வயிற்றில் இடிக்காது, மூச்சு தாராளமாக வரும். 172.5 வைத்திருந்த பந்தய வீரர் ததே போகாச்சர் 2024இல் 165க்கு மாறி அந்த ஒரே வருடத்தில் ஜிரோ டி இத்தாலியா, டூர் டி பிரான்ஸ், சூரிச்சில் உலகப் பட்டம் மூன்றையும் வென்றதும், குட்டைக் கிராங்குக்குக் கிராக்கி எகிறிவிட்டது. மெர்க்ஸைப் பார்த்து 175 வாங்கியவர்களின் பேரன்கள் இப்போது போகாச்சரைப் பார்த்து 165 தேடுகிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஆபீஸ் போகிறவருக்கு இடுப்பு மடிப்பு ஒரு பிரச்சினையே அல்ல, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, நமக்கு எது? செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சீட்டில் உட்காரும் அழுத்தத்துக்கு மேலே தள்ளி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். இதை உள்கால் நீளம் என்று வைத்துக்கொள்வோம். இதில் 21 முதல் 21.6 சதவீதம் என்பது உயரமானவர்களுக்குச் சைக்கிள் செய்து பேர் வாங்கிய லெனார்ட் ஜின் சொல்லும் கணக்கு. உள்கால் 80 செ.மீ. என்றால் 168 முதல் 173 வரை. கடையில் கிடைக்கும் 170 அவருக்கென்றே செய்தது மாதிரி. 70 செ.மீ. உள்ளவருக்கு 147 முதல் 151. இந்த நீளம் சாதாரணக் கடையில் கிடைக்கவே கிடைக்காது. இந்தக் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை, பரிசோதனைகள் இவ்வளவு தட்டையான முடிவைக் காட்டிய பிறகு 2 மி.மீ.க்காகக் காசு செலவழிப்பது வீண். ஆனால் கணக்கும் கையில் இருப்பதும் 15 மி.மீ. தள்ளி நின்றால், அதுவும் முழங்கால் மேலே வரும்போது பிடித்துக்கொள்கிறது என்றால், ஒரு படி குட்டையாகப் போவதில் தப்பில்லை. சந்தேகம் வந்தால் குட்டைப் பக்கம் சாயலாம். நீளத்தில் தவறினால் முழங்கால் பதில் சொல்லும், குட்டையில் தவறினால் பின் பல்லை ஒன்று மாற்றிச் சமாளித்துவிடலாம். ஷிமானோ நிறுவனத்தின் 2021 டியூரா-ஏஸ் கிராங்க் 160 முதல் 177.5 வரை வருகிறது. விலையைக் கேட்காதீர்கள். மலிவான கிராங்க்கள் பலவும் ஒரே வார்ப்பில் துளையை மட்டும் இடம் மாற்றிப் போட்டு 165, 170, 175 ஆகின்றன என்பதால், அவற்றில் குட்டையான நீளம் கேட்டு வாங்கினால் விலை அதேதான்.

மாற்றினால் சீட்டை உயர்த்த மறக்காதீர்கள். இடது பெடலுக்கு எதிர் மரை என்பதையும் மறக்காதீர்கள். இன்னொன்று. சதுர அச்சு வண்டிகளில் இடது கிராங்க் அடிக்கடி தளர்ந்து, உள்ளே சதுரம் உருண்டுபோய், அதை மட்டும் தனியாக மாற்றும்படி ஆகும். அப்போது கடையில் கையில் கிடைத்ததை எடுத்து மாட்டிவிடுவார்கள், வலது 170, இடது 165 ஆகிவிடும். ஓட்டுபவருக்கு எங்கேயோ ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும், சீட்டை மாற்றுவார், செருப்பை மாற்றுவார், கடைசியில் டாக்டரிடம் போவார். போல்ட்டை இறுக்குவதற்கு முன்னால் இரண்டு கிராங்கையும் உள்பக்கம் திருப்பி எண்ணைப் படித்துவிடுங்கள்.